பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்

ஹலோ... ஆங், ஹலோ... யாரு?... கொஞ்சம் சத்தமா பேசுங்க, தெரு மொனையில மேளம் அடிச்சிகினு கீறானுங்க, ஒண்ணியும் கேக்கல... யாரு?... ஜேம்ஸ் அண்ணாவா?... ம்... சொல்லுங்கண்ணா.

ம்... ம்... ஆமாண்ணா... ஆமா, நேத்து காத்தால பத்தே முக்காலுக்கு... ஊட்லதான்... இல்ல, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். நசரத்பேட்ட தாண்டுறதுக்குள்ளியே என் தோள்ல தல சாஞ்சிடுச்சி. நான் தூங்குறாருன்னு நெனச்சிகினு ஆட்டோக்காரர மெதுவா போப்பான்றேன்... டாக்டரு வந்து கையத் தொட்டுப் பாத்துட்டு, 'எத்தினி மணிக்கு?'ன்னு என்னியக் கேக்குறாரு. நான் இன்னாத்த சொல்றது... ம்...

அழாதீங்கண்ணா... ம்... ஆமா, அம்பத்திமூணு வயசு சாவுற வயசா... ஆமா... ஆமா...

ஒரு நிமிசம். ஏய் கவி! கவிப்பிரியா! அந்த மாலைய உள்ள எடுத்துகினு வராத... யாரு குடுத்தா இன்னா? வெளிய செவுத்துல சாச்சி வையி... ஆங், சொல்லுங்கண்ணா. பொண்ணுதான். நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி கூட குடிக்கல. அவுங்கப்பா கண்ணாடிய வச்சிகினு தொடச்சிகினே கீது. தொடச்சி மாட்டி உடப்போறாளாம்.

எப்டின்னா... ஆபீசுக்குப் போறேன்னு கெளம்புனாரு. கோடு போட்ட சட்ட எடுத்துப் போட்டாரு. மூணு பட்டன் போட்டாரு. நாலாவது பட்டன் போடசொல்ல கட்டில்ல குந்திட்டாரு. 'அங்கம்மா, தண்ணி குடு'ன்னாரு. நான் சொம்ப எடுத்துகினு திரும்புறேன், மனுசன் ஒரு பக்கமா சாயுறாரு... அவ்ளோதாண்ணா. வேற ஒண்ணுமே இல்ல. ஒரு சத்தம் இல்ல.

இன்னாத்துக்கு ஆபீசுக்குக் கெளம்புனாருன்னு உங்குளுக்குத் தெரியாதா?

...

சரி உடுங்க. சொல்லுங்க, இன்னா விசயமா போன் பண்ணீங்க?

ம்... நாளிக்கி பேப்பர்லியா?... அரப் பக்கமா?... போட்டோவோடயா?... ம். நல்லா போடுங்க... கேளுங்க, சொல்றேன். பொணத்த எடுக்க நாலு மணி ஆவும். அதுக்குள்ள கேட்டுகோங்க.

பொறந்தது பாரிவாக்கம்... தேதியா? ஸ்கூல்ல ஜூன் ஒண்ணுன்னு கீது. அவுங்கம்மா சொல்றது, நாத்து நட்டுகினு இருக்கசொல்ல வலி எடுத்திச்சின்னு. ஜூன் மாசத்துல எங்கண்ணா நாத்து நடுவாங்க? வாத்தியாரு போட்ட தேதி. அந்தத் தேதியே போடுங்க... அப்பா பேரு ஆறுமுகம்... கூலி... கூலிண்ணா, கூலி. வயக்காட்டுக் கூலி... இல்ல, 'விவசாயக் குடும்பம்'னு போடாதீங்க. நெலம் எங்குளுது இல்ல. நெலம் எத்திராஜோட தாத்தாவுது. ஆமா, அதே எத்திராஜுதான். கட்சி மாவட்டச் செயலாளரு எத்திராஜ். அவுங்க நெலத்துலதான் எம் மாமனாரு குனிஞ்சாரு, நிமுந்தாரு, செத்தாரு. கூலின்னே போடுங்க... நல்லா இருக்காதா? யாருக்கு நல்லா இருக்காது?

ம்... எழுதிகினீங்களா?

கல்யாணம் ஆயி இருவத்தி நாலு வருசம்... ஆமா, நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒயர் கம்பெனில கீறேன். அது இன்னாத்துக்கு?... சரி போடுங்க... ஒரு பொண்ணு. பி.காம். கடைசி வருசம்... கூடப் பொறந்தது ஒரு தங்கச்சி, ஒரு தம்பி, செல்வகுமாரு. அவன்தான் ஐஸ் பொட்டி, பந்தல் எல்லாம் பாத்துகினு கீறான்.

யாரு யாரு வந்தாங்களா? அய்ய, எல்லாரும்தான். எல்லாக் கட்சிலேர்ந்தும் வந்தாங்க. ஒருத்தர ஒருத்தர் மூஞ்சில முழிக்க மாட்டாங்கன்னு நீங்கல்லாம் எழுதுவீங்களே, அவுங்க ஒரே பெஞ்சில குந்திகினு டீ குடிச்சாங்க. எங்க ஊட்டுக்காரரு பாத்திருந்தா சிரிச்சிருப்பாரு... கோட்டையில கேன்டீன்ல டீ போடுறவரு வந்தாரு. மூணு பஸ் மாறி வந்துகீறாரு. 'சாரு ஒருத்தருதாம்மா என் பேரச் சொல்லி டீ கேப்பாரு'ன்னு சொல்லிட்டு அழுவுறாரு. மாங்காட்லேர்ந்து ஒரு பொம்பள வந்தா. ஊட்ட இடிக்க வந்தாங்களாம், இவரு எழுதுனதுல நின்னுதாம். அவ யாருன்னே எனுக்குத் தெரியாது. கால்ல உழுந்து எழுந்துக்கவே மாட்டேன்றா.

இத்தெல்லாம் போடுவீங்களா?... எடம் இருக்காதா... ம். அரப் பக்கம்னீங்களே.

சரி, எழுதுன வரைக்கும் படிங்க, கேக்குறேன்... படிங்கண்ணா, பரவால்ல... ம்... ம்... ஆங், நிறுத்துங்க. இன்னொரு வாட்டி படிங்க அத்த.

'எமது நாளிதழின் மூத்த அரசியல் செய்தியாளர்.'

எமதுவா?

இல்லண்ணா, எனுக்குப் புரியல. அதான் கேக்குறேன். நேத்து காத்தால அஞ்சாம் பக்கம் கீழ கட்டம் கட்டிப் போட்டீங்களே, 'பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்'னு. நேத்து விடுவிச்சிட்டு இன்னிக்கி எமதுவா? செத்ததும் வேல திரும்பிக் குடுத்துட்டீங்களா?

...

நான் கோவமா பேசல. கேள்விதான் கேக்குறேன். அவரோட இருவத்தி நாலு வருசம் குடும்பம் நடத்துனவ, எனுக்கும் ரெண்டு கேள்வி கேக்கத் தெரியும்ல.

இரு... இருங்க. செல்வம்! செல்வகுமாரு! இன்னாடா அங்க சத்தம்?... பேனரா?... கட்டட்டும் உடு. கிழிக்காத. கிழிக்காதன்றேன்! நீ கிழிச்சா அத்த படம் புடிச்சி உன் பேருதான் நாளிக்கி வரும். கம்முனு இரு...

அது ஒண்ணுமில்லண்ணா. எத்திராஜோட ஆளுங்க லோடு வண்டில பேனர் எடுத்தாந்து தெரு மொனையில கட்டுறானுங்க. 'கண்ணீர் அஞ்சலி'. எத்திராஜு கை கூப்பிகினு ஆளு ஒசரம் நிக்கிறாரு. எங்க ஊட்டுக்காரரு கீழ மூலையில ஸ்டாம்பு சைசுல கீறாரு. அடையாளமே தெரியல. செத்தது எத்திராஜுன்னு நெனச்சிகினு ஒரு கெழவரு அந்தப் பேனருக்குக் கும்புடு போட்டுகினு போறாரு. அந்தக் கெழவரு கும்புட்ட புண்ணியத்துலயாவது அது நடக்கட்டும்.

ம்? ஆமா, மால கூட அவுங்க அனுப்புனதுதான். கதவு சைசு... இன்னா சொன்னீங்க?... மூணு மணிக்கு அவரே நேர்ல வராரா?

...

உங்குளுக்கு எப்டித் தெரியும்?

இல்ல, எனுக்கே யாரும் சொல்லல. எங்க ஊட்டு சாவுக்கு யாரு எத்தினி மணிக்கு வராங்கன்னு உங்குளுக்கு எப்டித் தெரியும்?... போன் பண்ணாரா. உங்குளுக்கா. எப்போ?... ம்... ம்... இன்னா சொன்னாரு?... 'மறப்போம், மன்னிப்போம்'னாரா. ஆங். யாரு யார மன்னிக்கிறாங்களாம்?

சுத்தி வளைக்காதீங்கண்ணா. நேரா சொல்லுங்க. எனுக்கு மனசு தாங்கும், சொல்லுங்க.

ம்... வரசொல்ல நான் எழுந்து கும்புடணும். சரி... டிவிக்காரங்க முன்னாடி பேப்பர்ல வந்ததப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது. சரி... இயற்கைச் சாவு, ஏற்கனவே ஒடம்பு முடியாம இருந்தாருன்னு சொல்லணும். ம்... இன்னும் இன்னா?... கவிப்பிரியாவுக்கா?... ஆபீஸ்ல வேலயா?... படிப்பு முடிச்ச அடுத்த நாளேவா. எந்த சீட்டு? அவுங்கப்பா குந்துன சீட்டா, இல்ல வேற சீட்டா?

ஏன்னா கேட்டுட்டு சொல்லணும்ல பொண்ணு கிட்ட. தோ, எதுருலதான் கீது. ஏய் கவி, உங்கப்பன் நாற்காலி காலியாயிடுச்சாம், சூடு ஆறுறதுக்குள்ள வந்து குந்துறியான்னு ஜேம்ஸ் மாமா கேக்குறாரு.

...

சொல்லிட்டேன். என் மூஞ்சியவே பாக்குது. திரும்ப கண்ணாடியத் தொடைக்குது.

தங்கச்சின்னு கூப்புடாத.

கூப்புடாதன்னேன். ஆமா, நீதான். இவ்ளோ நேரம் 'ங்க' போட்டது அவருக்காவ. ஐஸ் பொட்டிக்குள்ள படுத்துனு கீறாரு, அவரு காதுல உழுவப் போவுது, 'பெரியவங்கள மரியாத இல்லாம பேசாத அங்கம்மா'ன்னு சொல்லுவாரேன்னு பாத்தேன். இனிமே முடியாது.

எத்தினி வாட்டி எங்க ஊட்ல துன்னுகீற நீ? ஞாயித்துக் கெழமைன்னா வந்துடுவ. வஞ்சிர மீன் தல உனுக்குத்தான் எடுத்து வைப்பேன். என் பொண்ணுக்குக் கூட குடுக்க மாட்டேன்... ஆமா, நெனப்பு கீதுல்ல?... எட்டு வருசம் முன்னாடி எலக்சன் ரிசல்ட்டு தப்பா போட்டியே, ஜெயிச்சவன தோத்தான்னு போட்டு பேப்பரே அச்சாயிப் போச்சே, அத்த யாரு பண்ணதுன்னு எம்.டி. கேக்கசொல்ல இவருதான எழுந்து நின்னாரு? 'நான்தான் சார் சரியா பாக்கல'ன்னாரு. ஆறு மாசம் அவர வெளாட்டுப் பக்கத்துல தூக்கிப் போட்டாங்க. கோட்டையில இருந்த மனுசன் ஆறு மாசம் கேரம் போட்டி எழுதுனாரு. உம் பொஞ்சாதி ஊட்டுக்கு வந்து எங்கையப் புடிச்சிகினு அழுதா. நான் இன்னா சொன்னேன்? 'உடுக்கா, எடுத்துகினு போறது இன்னா கீது'ன்னேன்.

மேலிடத்து உத்தரவா? மேல யாரு கீறா? நீதான நியூஸ் எடிட்டரு. நீதான மேல.

வக்கீல் நோட்டீஸ் வந்திச்சின்னா அவரக் கூப்ட்டுக் கேக்கணும்ல? அவரு கிட்ட இல்லாத ஆதாரமா? போன ஞாயித்துக் கெழம எழுதுனாரே, அந்தத் தாங்கல், மழ தண்ணி தேங்குற எடம், அது அரசாங்கப் பொறம்போக்கு. எத்திராஜு தம்பி பொண்டாட்டி பேருல பட்டா ஆயிகீது. பத்திரம் நகலு, வில்லங்கம், பழைய படம் எல்லாம் தோ பீரோ மேல கட்டி வச்சிகீறாரு. நாலு மாசம் வேகாத வெயில்ல வரப்பு வரப்பா அளந்தாரு. அந்தத் தாங்கல்ல மழ தண்ணி நிக்காம இங்க எங்க தெருவுல நிக்கிது. போன மழைக்கு எங்க ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அவரு எழுதுனதுல ஒரு எழுத்து பொய்யா? சொல்லு. ஒரு எழுத்து.

...

அப்பறம் எப்டி 'போதிய ஆதாரமின்றி'ன்னு எழுதுன?

நீதான் எழுதுன. மழுப்பாத. எனுக்குத் தெரியும்... எப்டித் தெரியும்னா கேக்குற? சொல்றேன் கேளு. பேப்பரு எங்கையிலதான் கீது. படிக்கிறேன் கேளு. 'கடந்த ஞாயிறன்று எமது இதழில் வெளியான செய்தி, போதிய ஆதாரமின்றி, மக்கள் தொண்டர் திரு. எத்திராஜ் அவர்களின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் முயற்ச்சியாக அமைந்துவிட்டதற்கு வருந்துகிறோம்.' முயற்ச்சி. நடுவுல ஒரு 'ச்' சேத்துப் போட்டுகீற. இங்க ஒண்ணு, கீழ கடைசி வரில இன்னொண்ணு. ரெண்டுத்தையும் எங்க ஊட்டுக்காரரு செவப்பு பேனாவுல அடிச்சிகீறாரு. தோ, மை கூட அப்டியே கீது.

ஆமா. அவரப் பத்தி அசிங்கமா எழுதுன செய்திக்கு அவரே பிழை திருத்திகீறாரு.

என்னியக் கூப்ட்டுக் காட்டுனாரு. 'இது ஜேம்ஸு எழுதுனது அங்கம்மா, இருவத்திரெண்டு வருசமா இந்த ச் எழுத்த நான் அடிச்சிகினே கீறேன், இவன் திருந்தவே மாட்டேன்றான்'னு சொல்லிட்டு சிரிச்சாரு. சிரிச்சிட்டு போன எடுத்தாரு.

பதினோரு வாட்டி.

அவரு போனு எங்கிட்டதான் கீது. ஏழு இருவதுக்கு ஒண்ணு. ஏழு இருவத்தஞ்சிக்கு ஒண்ணு. அப்டியே பத்து இருவது வரைக்கும் வரிசையா உம் பேருதான். பதினோரு வாட்டியும் நீ எடுக்கல. கடைசில 'சரி, நேர்லயே போய் இன்னான்னு கேட்டுட்டு வந்துடுறேன், அவனுக்கு இன்னா கஷ்டமோ'ன்னுதான் சட்டையப் போட்டாரு.

மீட்டிங்ல இருந்தியா?

மூணு மணி நேரம் மீட்டிங்கா? சாவு சேதி மட்டும் உனுக்கு கால் மணி நேரத்துல தெரிஞ்சிடுச்சே. பதினோரு மணிக்கு வாட்ஸப்புல மொத ஆளா 'ஆழ்ந்த இரங்கல்' போட்டுகீற. நான் இன்னும் அவரு வாயக் கூட கட்டல. என் நாத்தனாருக்கே உன் இரங்கலப் பாத்துதான் சேதி தெரியும். ரோட்ல நின்னுகினு மாரடிச்சிகினு ஓடியாந்தா.

அழு. நல்லா அழு. எனுக்கு ஒண்ணியும் ஆவல. நீ அழுவுறத கேட்டா கொசு சத்தம் மாதிரிதான் கீது.

...

ஒண்ணு பண்ணு. ஒண்ணே ஒண்ணு. நாளிக்கி அரப் பக்கம் வாணாம். கால் பக்கம் வாணாம். போட்டோ வாணாம். நாலு மணிக்கு பொணத்த எடுக்குறோம். அதுக்குள்ள உங்க வெப்சைட்ல ரெண்டு வரி போடு. 'நேற்று வெளியான வருத்தம் தவறானது. உலகநாதன் எழுதிய செய்தி உண்மை.' அவ்ளோதான். ரெண்டு வரி. அத்த போன்ல எடுத்து அவரு காது கிட்ட படிச்சிட்டு அனுப்பி வைக்கிறேன். எத்திராஜு வரட்டும், கும்புடுறேன். கால்ல கூட உழுறேன். எம் பொண்ண உங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்க அனுப்புறேன். ரெண்டு வரி போடு.

...

ம்.

ம்... முடியாது.

வேல பூடும். ஆமா. உனுக்கும் ரெண்டு புள்ளைங்க. ஆமா... ரிட்டயர் ஆவ மூணு வருசம். ஆமா ஆமா... புரியுது. எல்லாம் புரியுது. அந்த மூணு வருசம் நல்லா வாழு. தெனமும் காத்தால பேப்பரு வரும்ல, அத்தப் பிரிக்கசொல்ல உங் கை நடுங்கணும். அவ்ளோதான் எனுக்கு வேணும்.

சரி வைய்யி. பொணத்த குளுப்பாட்டணும்... இன்னா?... இன்னும் இன்னா கேக்கணும்?... இரு.

இரு இரு.

ஜேம்ஸு, நீ எங்கேர்ந்து பேசுற?

ஆபீஸ்லேர்ந்தா? ஆபீஸ்ல இன்னாத்துக்கு மேளம் அடிக்கிறாங்க?... டிவி இல்ல. இங்க என் ஊட்டுக்குள்ள கேக்குறத விட உன் போன்ல ஜாஸ்தியா கேக்குது. இங்க அவன் நிறுத்துனா அங்கியும் நிக்கிது... எங்க கீற?

...

செல்வம், தெரு மொனையில பாரு... தண்ணி டேங்க் பக்கம்... வெள்ள வண்டியா?... உள்ள ஆளு கீதா?

காத்தால எத்தினி மணிக்கு வந்த நீ?

எட்டு மணிலேர்ந்தா? அஞ்சி மணி நேரமாவா குந்திகினு கீற? ஏசி போட்டுகினு? எங்க ஊட்டுக்கும் உன் வண்டிக்கும் நூறு அடி இருக்குமா? கோட்டையிலேர்ந்து மூணு பஸ் மாறி டீ மாஸ்டரு வந்து உழுந்து கும்புட்டுட்டுப் போயிட்டாரு. நீ நூறு அடி நடக்க மாட்டேன்ற.

வரத்துக்கு பயமா கீதா... ம். யாரப் பாத்து? என்னியா? அவரையா? அவரு கண்ண மூடிதான் கீறாரு, பாக்க மாட்டாரு, வா.

...

இன்னா கேட்ட? சத்தமா கேளு... அவரு உன்னப் பத்தி கடைசியா எதுனா சொன்னாரா?

சொன்னாரே.

சொல்றேன். அழுவாம கேளு, அப்பதான் நல்லா காதுல உழும். அந்தச் செவப்பு பேனாவ அவரு மூடி வைக்கிறாரு, நான் கத்துகினு இருந்தேன். 'இவனப் போய் கூடப் பொறந்தவன் மாதிரி வச்சிகினு இருந்தியே, பேமானி, அவன் ஊட்டு வாசல்ல போய் மண்ண வாரித் தூத்துறேன் பாரு'ன்னு கத்துறேன். அவரு பேப்பர மடிச்சிகினே சொல்றாரு, 'உடு அங்கம்மா. அவனா எழுதியிருக்க மாட்டான், எழுத வச்சிருப்பாங்க. எழுதசொல்ல எவ்ளோ பயந்திருந்தா அதே ச் எழுத்த ஒரே செய்தில ரெண்டு தபா தப்பா போட்டிருப்பான். பாவம்'ன்னாரு.

பாவம்னாரு உன்னிய.

...

திட்டலன்றேனே. திட்டலடா. ஒரு வார்த்த கூட திட்டல. திட்டியிருந்தா நான் உங்கிட்ட சொல்லியே இருக்க மாட்டேன். அது உனுக்கு நிம்மதியாயிடும்ல? திட்டிட்டான், சரிக்குச் சரியாப் போச்சின்னு போய்ப் படுத்துக்குவ. எங்கிட்ட மன்னிப்பு கேக்காத. எங்கிட்ட இல்ல. அவரு கிட்ட இருந்திச்சி, நேத்து ஏழு இருவதுலேர்ந்து பத்து இருவது வரைக்கும் போன்ல மணியடிச்சிகினு இருந்திச்சி. நீ எடுக்கல.

இரு, வைக்காத. வச்ச, அங்க வந்து கண்ணாடியத் தட்டுவேன். லைன்லயே இரு.

ஏம்மா... மைக்கு வச்சிகினு கீற பொண்ணு... ஆமா, நீதாம்மா, இங்க வா. காத்தாலேர்ந்து ரெண்டு வார்த்த பேசுங்கம்மா, ரெண்டு வார்த்த பேசுங்கம்மான்னு கேட்டுகினு இருந்தியே... எங்கிட்ட இன்னாத்துக்கு? நான் பேப்பரப் படிச்சவ. எழுதுனவரே வந்துகீறாரு. நேத்து எங்க ஊட்டுக்காரர வேலைய உட்டுத் தூக்குனாங்களே, அந்தச் சேதிய எழுதுன நியூஸ் எடிட்டரு... ஜேம்ஸு... தோ, தண்ணி டேங்க் கிட்ட, வெள்ள வண்டி. உள்ளதான் கீறாரு. இந்தா, இந்தப் பேப்பரையும் எடுத்துகினு போ. செவப்பு மையில அடிச்சிகீதே, அத்தக் காட்டிக் கேளு. எல்லாரையும் இட்டுகினு போம்மா. கேமராவெல்லாம் எடுத்துகினு போங்க. ஓடு, பூடப் போறாரு...

ஆங், ஜேம்ஸு. கேட்டுகினியா?

வராங்க. ஆறு பேரோ ஏழு பேரோ, ஓடியாராங்க பாரு... வண்டிய எடுக்க முடியாது. பின்னால எத்திராஜு ஆளுங்க பேனர் எடுத்தாந்த லோடு வண்டி நிக்கிது, முன்னால மேளக்காரனுங்க... ஆரன் அடிக்காத, சாவு ஊடு... கண்ணாடிய ஏத்திக்க. கதவப் பூட்டிக்க... துண்டு கீதா, மூஞ்சியப் பொத்திக்க...

கத்தாத. அம்மான்னு கத்துறியே, தங்கச்சின்னு சொல்லிகினு இருந்த இப்போ அம்மாவா?... இன்னா?... உலகு இருந்தா இப்டி பண்ண உடுவானான்னா கேக்குற?

உட மாட்டாரு.

ஆமா, எனுக்குத் தெரியாதா? என் கையப் புடிச்சி இழுத்து உள்ள தள்ளிட்டு, அவரே ஓடியாந்து அந்தக் கேமராவையெல்லாம் வெலக்கி, உன்ன உள்ள இட்டுகினு வந்து குந்த வச்சி, ஒரு சொம்பு தண்ணி குடுத்திருப்பாரு. 'இன்னா ஜேம்ஸு, துன்னியா?'ன்னு கேட்டிருப்பாரு... ஆமா... ஆமா ஜேம்ஸு... ஆமா...

அவருதான் இல்லியே.

வைக்கிறேன்.